ஞாயிறு காலை பத்து மணி

பதிலி என்று அதற்குப் பெயர் வைத்தது நான்தான். எழுதியதும் நான்தான். அதனால் வேறு யாரையும் திட்ட வழியில்லாமல் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உள்ளங்கை அகலத்தில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி, மேலே ஒரு பச்சை விளக்கு. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினரின் நாற்காலியில் அதை வைத்துவிட்டால் போதும். அவர் குரலில், அவர் பேசும் தினுசில், அவர் சொல்லக்கூடியதைச் சொல்லும். வாக்கெடுப்பு வந்தால் அவர் போடக்கூடிய வாக்கைப் போடும். கூட்டம் முடிந்ததும் நடந்ததையெல்லாம் ஒரு பக்கத்துக்குச் சுருக்கி உரியவரின் கைப்பேசிக்கு அனுப்பி வைக்கும். இதில் மாயம் மந்திரம் ஒன்றுமில்லை. ஒருவர் பல வருடம் எழுதிய செய்திகளைக் கொடுத்தால், அடுத்து அவர் என்ன எழுதுவார் என்று ஊகிக்கிற மென்பொருள்கள் அப்போதே தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. அதற்கு உட்கார ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்ததுதான் என் கைங்கரியம்.

என் பெயர் கோமதிநாயகம். வயது ஐம்பத்தொன்று. பாளையங்கோட்டையில் ஒரு அலுவலகத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணம் ஆகவில்லை, பேச்சு வந்த நாட்களில் நான் கணினியை விட்டு எழுந்திருக்கவில்லை, எழுந்தபோது பேச்சு நின்றிருந்தது. வாரத்தில் ஆறு நாள் என்னிடம் பேசுகிறவர்கள் கடவுச்சொல்லை மறந்தவர்கள் மட்டும்தான். ஏழாவது நாள் எனக்குக் குழு இருந்தது.

பொருநைக் கணினிக் குழு. பதின்மூன்று வருடங்களுக்கு முன் நான் தொடங்கியது. ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடுவோம். யாரும் வரலாம், யாரும் கற்றுத் தரலாம், எல்லாம் தன்னார்வம். எங்களுடைய பெரிய வேலை 'நிறுத்தம்' என்ற செயலி. ஊரில் ஓட்டுநரில்லாத பேருந்துகள் வந்தபோது நடத்துநர்களும் போய்விட்டார்கள். வண்ணார்பேட்டை வந்திருச்சு, இறங்கு இறங்கு என்று கத்த ஆளில்லை. பார்வையில்லாதவர்கள் எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது என்று தெரியாமல் தவித்தார்கள். அவர்கள் காதில் வந்து சொல்லும் செயலிதான் நிறுத்தம். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

குழுவுக்கு நான் எழுதிய விதிகளில் ஒன்று: தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவர் பொறுப்பிலிருந்து விலகியவராகக் கருதப்படுவார். ரொம்ப நியாயமான விதி என்று நினைத்திருந்தேன். ஆனால் அந்த விதியில் அடிபட்டுப் போகிறவர்கள் யார் என்று ஒருநாள் பட்டியல் எடுத்துப் பார்த்தபோது எனக்கே கூச்சமாகிவிட்டது. பெரும்பாலும் பெண்கள்தான் போயிருந்தார்கள். மலைக்கிராமத்திலிருந்து வந்தவள் போயிருந்தாள். பார்வையில்லாதவர்களுக்காகச் செயலி எழுதும் குழுவில் இருந்த ஒரே பார்வையில்லாத ஆள், இசக்கிதுரை, அவரும் போயிருந்தார். மிச்சமிருந்தவர்கள் என்னைப் போல ஞாயிற்றுக்கிழமை வேறு வேலையில்லாத ஆண்கள்.

இதைச் சும்மா விடக்கூடாது என்று ஆறு மாதம் இரவு பகலாக உட்கார்ந்து பதிலியை எழுதினேன். போனவர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். உங்களால் வர முடியாவிட்டாலும் உங்கள் கருத்து வரட்டும், நாற்காலி காலியாக இருக்கக்கூடாது என்றேன். எல்லோரும் சரி என்றார்கள். அடுத்த தேர்தலில் நான்கு ஒருங்கிணைப்பாளர்களையும் அவர்களிலிருந்தே தேர்ந்தெடுத்தோம். ஜெபசெல்வி தலைமை ஒருங்கிணைப்பாளர். ஆஸ்பத்திரி ஒன்றில் பரிசோதனைக்கூடத்தில் வேலை. மேலப்பாளையத்தில் தையல்கடை வைத்திருக்கும் மைமூன். இசக்கிதுரை. பாபநாசத்துக்கு மேலே மலைக்கிராமத்தில் இணைய மையம் நடத்தும் சுடலி. மாநிலத்தில் எந்தக் குழுவிலும் இப்படி ஒரு தலைமை இல்லை. நான் எந்தப் பதவியும் வைத்துக்கொள்ளவில்லை. நிறுவனர் என்று மட்டும் போட்டுக்கொண்டேன்.

கூட்டங்கள் அருமையாக நடந்தன. சண்டை சச்சரவு கிடையாது. நான் ஒரு யோசனையைச் சொல்வேன். நான்கு பச்சை விளக்குகளும் ஒவ்வொன்றாக மினுங்கும். "சரி அண்ணாச்சி", "பாத்துக்கிடலாம் அண்ணாச்சி", "நல்ல யோசன அண்ணாச்சி." தீர்மானம் ஒருமனதாக நிறைவேறும். மற்ற ஆண்கள் மெல்ல மெல்ல வருவதை நிறுத்திவிட்டார்கள். எல்லாம்தான் சுமுகமாக நடக்கிறதே, நாங்கள் எதற்கு என்று ஒருவர் சொன்னார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். கடைசி எட்டு மாதம் அந்த மாடியில் மூச்சு விடுகிற ஆள் நான் ஒருவன்தான். கூட்டம் முடிந்ததும் பெட்டிகளைத் துணியால் துடைத்து, பீரோவில் வைத்து, "அப்பம் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பூட்டுவேன். "சரி அண்ணாச்சி" என்பார்கள்.

அப்போதுதான் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. மாநிலத்துக் கணினிக் குழுக்களுக்கெல்லாம் ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. பன்முகத் தலைமைக்கு முன்மாதிரியாக எங்கள் குழுவைத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும், அடுத்த மாதம் முதல் ஞாயிறன்று தங்கள் பிரதிநிதி நேரில் வந்து ஒருங்கிணைப்பாளர்களைச் சந்திப்பார் என்றும் எழுதியிருந்தார்கள். நேரில் என்ற சொல்லுக்கு அடியில் கோடு. கடைசியில் ஒரு வரி. செயல்படும் தலைமை இல்லாத சிறு குழுக்கள் இந்த ஆண்டு முதல் மதுரைக் குழுவோடு இணைக்கப்படும்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மதுரையோடு இணைத்தால் மாடி போய்விடும், ஞாயிறு போய்விடும், ஏழாவது நாளும் மற்ற ஆறு நாளைப் போல ஆகிவிடும். நால்வருக்கும் தொலைபேசினேன். யாரும் எடுக்கவில்லை. ஒரே ஒரு ஆள் நேரில் வந்தால் போதும், சமாளித்துவிடலாம் என்று தோன்றியது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சமாதானபுரத்தில் ஜெபசெல்வியின் வீட்டுக்குப் போய் நின்றேன்.

மறுநாள் வேலைக்குப் போட வேண்டிய வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"வாங்க அண்ணாச்சி. என்ன திடீர்னு? யாருக்காச்சும் ஒடம்புக்கு முடியலயா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. குழு விஷயமாத்தான் வந்தேன்."

"எந்தக் குழு?"

நாற்காலியில் பாதி உட்கார்ந்திருந்தேன். மீதி உட்கார முடியவில்லை.

"நம்ம குழுதான். நீதான தலைமை ஒருங்கிணைப்பாளர்."

"நானா? எப்பம் இருந்து?"

"ரெண்டு வருசமா. ஒருமனதாத் தேர்ந்தெடுத்தோம். வாராவாரம் ஒனக்குச் சுருக்கம் வந்துச்சே?"

கைப்பேசியை எடுத்துக் கீழே கீழே தள்ளிப் பார்த்தாள். நூற்றுச் சொச்சம் கடிதங்கள். ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை.

"வெளம்பரம்னு நெனச்சு ஒதுக்கி வச்சிட்டேன் அண்ணாச்சி."

"பதிலி போடலாமான்னு கேட்டப்பம் சரின்னு சொன்னியே."

"நீங்க கேட்டு நான் எதுக்குச் சரின்னு சொல்லாம இருந்திருக்கேன்?"

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

"சரி, நான் என்ன சொல்லுவேன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"நீ குழுவுல எழுதுனத எல்லாம் படிச்சிருக்கு. ஆயிரத்து நூறு செய்திக்கு மேல."

"காட்டுங்க."

மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். முன்பின் தெரியாத யாரோ ஒருத்தியின் கடிதத்தைப் படிப்பது போலச் சத்தமாகப் படித்தாள். "சரி அண்ணாச்சி. சரி அண்ணாச்சி. டீ சொல்லியாச்சு. வருகைப் பதிவேடு நான் எடுத்துட்டு வாரேன். அருமை அண்ணாச்சி. பாத்துக்கிடலாம். மாடிச் சாவி என்ட்ட இருக்கு. சரி அண்ணாச்சி." நிறுத்தினாள். "இது என்னது, நடுவுல நடுவுல தேதி மட்டும் இருக்கு, எழுத்து ஒண்ணும் இல்ல?"

"அது நீ அனுப்பிட்டு ஒடனே அழிச்சது. அதெல்லாம் கசடுன்னு கழிச்சு விட்டுட்டேன்."

"எத்தன இருக்கு?"

தேடிப் பார்த்தேன். "எரநூத்திப் பதினாலு."

"அதுலதான் அண்ணாச்சி நான் இருந்தேன்."

இஸ்திரிப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபப்படுகிற ஆட்களைச் சமாளித்து எனக்குப் பழக்கம் உண்டு.

"என்னம்மா எழுதியிருந்த அதுல?"

"இப்பம் எதுக்கு அது?"

"சொல்லு."

"பாதிக்கு மேல ஒரே விஷயந்தான். கூட்டத்தச் சனிக்கிழம சாயங்காலத்துக்கு மாத்தலாமான்னு."

"ஏன், ஞாயித்துக்கெழமைக்கு என்ன?"

என்னையே பார்த்தாள். "ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு நான் எங்க இருப்பேன் அண்ணாச்சி?"

பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான். ஞாயிறு காலையில் ஆராதனைக்கு நாலு பக்கமும் கோயில் மணி அடிக்கும். எங்கள் மாடிக்கு நேர் பின்னால் ஒரு மாதாகோயில். மணிச் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை என்று ஜன்னலைச் சாத்தச் சொல்வேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் எப்போதும் ஜெபசெல்விதான் உட்கார்ந்திருப்பாள். அவள்தான் எழுந்து சாத்துவாள்.

"அப்பமெல்லாம் அம்மாட்ட டியூட்டின்னு பொய் சொல்லிட்டு வருவேன்," என்றாள். "ஒன்ற வருசம் பொய் சொன்னேன். அதுக்கு மேல முடியல."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"ஒரு தடவ அழிக்காம விட்டேன். நீங்க பதில் போட்டிய." அவளுக்கு அது மனப்பாடமாக இருந்தது. நான் எழுதியதை என் எழுத்துத் தமிழிலேயே ஒப்பித்தாள். "'ஞாயிறு காலை பத்து மணி என்பது இந்தக் குழுவின் அடையாளம். ஒருவருக்காக மாற்றத் தொடங்கினால் ஒவ்வொருவருக்காகவும் மாற்ற வேண்டியிருக்கும்.' பன்னெண்டு பேரு கட்டவெரல் தூக்கிக் காட்டியிருந்தாங்க. நானுந்தான் தூக்குனேன்."

எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்து காதெல்லாம் சூடாகிவிட்டது. போன வருடம் புதிதாக வந்த ஒரு கல்லூரிப் பெண் கூட்ட நேரத்தை மாற்ற முடியுமா என்று கேட்டாள். வாக்கெடுப்புக்கு விட்டேன். "ஞாயிறுதான் சரி அண்ணாச்சி" என்று முதலில் சொன்னது ஜெபசெல்வியின் பெட்டி. அந்தப் பெண் அதன் பிறகு வரவில்லை. இதை ஜெபசெல்வியிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"மைமூனுக்கு ஞாயித்துக்கெழமதான் கடையில கூட்டம்," என்றாள். "சுடலி காலைல மொத பஸ் புடிச்சாலும் இங்க வந்து எறங்க பன்னெண்டு ஆயிரும். இசக்கி அண்ணன் தெருவுல ஞாயித்துக்கெழம மத்தியானம் வரைக்கும் வண்டியே கெடையாது. ஒரு தடவ ஒங்க மாடிப்படியில வழுக்கி முழங்காலப் பேத்துக்கிட்டாரு. அதையும் யாரும் ஒங்கள்ட்ட சொல்லல."

"ஏம்மா சொல்லல?"

"நீங்க நல்லவங்க அண்ணாச்சி. ஓடி ஓடிச் செய்வீங்க. அந்த மாதிரி ஆளுட்ட எப்படிச் சொல்ல?" மடிக்கணினியைச் சுட்டிக் காட்டினாள். "ஆறு மாசம் ஒக்காந்து இத எழுதியிருக்கிய. நேரத்த மாத்த எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

நான் மடிக்கணினியை மூடினேன். வந்த காரியத்தையும் சொல்லாமல் போக முடியாது. வெட்கத்தை விட்டுக் கேட்டேன். சென்னையிலிருந்து ஆள் வருகிறார்கள், அந்த ஒரு ஞாயிறு மட்டும் வந்து நின்றால் போதும், இல்லாவிட்டால் குழுவே இல்லாமல் போய்விடும் என்றேன்.

"வர மாட்டேன் அண்ணாச்சி."

அந்தக் குரலில் அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லை. இரண்டு வருடமாக வாராவாரம் கேட்டுவந்த குரல் அது.

"ஒங்களுக்குத் தெரியாம இருக்கட்டும்னு நாங்க ஒண்ணும் மறைக்கல," என்று தொடர்ந்தாள். "சனிக்கிழம நாலு மணிக்கு மைமூன் கடையில கூடுதோம். ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. இப்பம் ஏழு பேரு இருக்கோம். நிறுத்தம் வேலதான் பாக்கோம். 'தையல்கடை'ங்கிற பேர்ல ஒங்களுக்குத் திருத்தம் வருமே, அது நாங்கதான்."

தையல்கடை! கடந்த ஒரு வருடத்தில் செயலிக்கு வந்த நல்ல மாற்றங்கள் எல்லாம் அந்தக் கணக்கிலிருந்து வந்தவைதான். பேருந்து நிற்பதற்கு இருபது அடிக்கு முன்பே கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று சொல்கிற வசதி, மழைச் சத்தத்தில் குரலைத் தானாகக் கூட்டுகிற வசதி. யாரோ கோயம்புத்தூர்ப் பையன் என்று நானே முடிவு செய்துகொண்டு ஒவ்வொரு தடவையும் வாழ்த்து எழுதியிருந்தேன்.

"'நன்று தம்பி, உமக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது'ன்னு போட்டிருந்திய," என்றாள். "மைமூன் விழுந்து விழுந்து சிரிச்சா. அவளுக்கு நாப்பத்தாறு வயசு."

நானும் சிரித்தேன். சிரிப்பு முடிந்ததும் வாயில் வந்துவிட்டது. "நானும் வரலாமாம்மா? சனிக்கிழம?"

சரி அண்ணாச்சி என்று சொல்வாள் என்று என் மனசு அதற்குள் ஊகித்து வைத்திருந்தது. அவள் சொல்லவில்லை.

"கேட்டுத்தான் சொல்லணும். எல்லார்ட்டயும் கேக்கணும்."

"நீ சொன்னா கேக்க மாட்டாங்களா?"

"அங்க நான் தலைவர் இல்ல அண்ணாச்சி. மாசத்துக்கு ஒருத்தரு. இந்த மாசம் இசக்கி அண்ணன்."

காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு வழக்கம் போல மாடிக்குப் போனேன். பெட்டிகளை எடுத்து நாற்காலிகளில் வைத்தேன். பத்து மணிக்கு மணி அடித்தது. ஜன்னலைச் சாத்தவில்லை. மணி ஓய்ந்ததும் கூட்டத்தைத் தொடங்கி, இன்று ஒரே ஒரு பொருள்தான் என்றேன்.

"பதிலிகளை இன்றோடு நிறுத்திவிட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன். உங்கள் கருத்து என்ன?"

இரண்டு வருடம் என்னோடு பேசியவர்கள். காய்ச்சல் என்று நான் சொன்ன ஞாயிறன்று கஷாயம் குடிக்கச் சொன்னவர்கள். அம்மாவின் நினைவு நாளன்று, இருக்கட்டும் அண்ணாச்சி, நாங்க இருக்கோம்லா என்றவர்கள். ஒரு பெட்டியாவது, ஒன்றே ஒன்றாவது, மாட்டேன் என்று சொல்லாதா என்று எனக்கு இருந்தது. அப்படிச் சொல்லிவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பழையபடி நடத்தலாம் என்றுகூட நினைத்தேன். உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்.

"சரி அண்ணாச்சி," என்றது ஜெபசெல்வியின் பெட்டி.

"நீங்க எது செஞ்சாலும் யோசிச்சுத்தான் செய்வீங்க," என்றது மைமூனுடையது.

"பாத்துக்கிடலாம் அண்ணாச்சி," இசக்கிதுரை.

"நல்ல யோசன," சுடலி.

ஒருமனதாக நிறைவேறியது என்று குறிப்பேட்டில் எழுதினேன். ஒவ்வொன்றாக நிறுத்தினேன். நான்கு விளக்குகளும் அணைந்த பிறகு அந்த அறை எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. அழுதேன். யாரும் இல்லாததால் நன்றாகவே அழ முடிந்தது.

மறுநாள் கூட்டமைப்பைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முன்மாதிரித் தலைமை என்று நீங்கள் எழுதியது நான்கு பெட்டிகளை என்றேன். உண்மையான ஆட்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிறன்று வராதீர்கள், முந்தைய நாள் சனிக்கிழமை நாலு மணிக்கு வாருங்கள், அவர்களிடம் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஜெபசெல்வியின் எண்ணைக் கொடுத்தேன். பதின்மூன்று வருடத்தில் நான் கூட்ட நேரத்தை மாற்றியது அதுதான் முதல் தடவை. மாற்ற அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்தச் சனிக்கிழமை கூட்டமைப்பிலிருந்து வந்தவர் பெயர் நப்பின்னை. முப்பது வயது இருக்கும். ஊருக்குப் புதுசு என்பதால் வழிகாட்ட நான் போனேன். முருகன்குறிச்சியில் அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மேலப்பாளையத்தில் மைமூன் கடை வாசலில் இறங்கினோம். கடை தரைத்தளத்தில் இருந்தது, படியே கிடையாது. முன்பக்கம் தையல் இயந்திரங்கள், தொங்கும் துணிகள். பின்னால் ஒரு அறை. அங்கிருந்து பேச்சுச் சத்தம் தெருவரைக்கும் வந்தது.

"நீங்க உள்ள வரலையா சார்?" என்றார் நப்பின்னை.

"எனக்கு இன்னும் பதில் வரல. நீங்க போங்க."

அவர் ஒன்றும் புரியாமல் உள்ளே போனார். நான் எதிரில் மூடிக்கிடந்த நூல்கடையின் வாசலில் நின்றேன்.

"இல்ல, எனக்கு இதுல சம்மதம் இல்ல," என்று ஜெபசெல்வி கத்துவது கேட்டது. "நிறுத்தத்துல மலைப்பாதைக்குன்னு தனிப் பதிப்பு வேணும்னு சுடலி மூணு மாசமாச் சொல்லுதா. நாமளும் தள்ளிப் போட்டா எப்படி?"

"ஏ, நான் தள்ளிப் போடச் சொல்லலயே," என்று மைமூன் குறுக்கே விழுந்தார். "மொதல்ல குரல ஒழுங்கு பண்ணுவோம்னுதான சொல்லுதேன்!"

"ஒங்களுக்கு ஊருக்குள்ளயே ஓடுத பஸ்ஸு. நாங்க கொண்டை ஊசி வளைவுல எறங்கணும்," என்றாள் சுடலி.

யாரோ ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி சண்டை. ஒருவர் பேசும்போதே இன்னொருவர் பேசினார். நான் நடத்திய கூட்டமாக இருந்தால் அமைதி அமைதி என்று மேசையைத் தட்டியிருப்பேன். சுடலிக்கு அவ்வளவு வேகமாகப் பேச வரும் என்றே எனக்குத் தெரியாது. அவள் பெட்டி ஒரு நாளும் மூன்று சொல்லுக்கு மேல் பேசியதில்லை.

அரைமணி நேரம் கழித்து இசக்கிதுரை கைத்தடியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். தெருவைக் கடந்து நேராக என் பக்கம் வந்தார்.

"அண்ணாச்சியா அங்க நிக்கது?"

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"அப்பம் புடிச்சுத் தொண்டையக் கனைச்சுக்கிட்டு நிக்கிய. உள்ள எல்லாருக்கும் கேக்கு."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒங்க விஷயத்த இன்னைக்கு எடுத்தோம் அண்ணாச்சி. ஓட்டுக்கு விட்டோம்."

"ம்."

"மூணு பேரு வரட்டும்னு. நாலு பேரு இப்பம் வேண்டாம்னு."

தெருவில் ஒரு ஆட்டோ போனது.

"ஜெபா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ரகசிய ஓட்டு. தெரியாது. என் ஓட்ட வேணும்னா சொல்லுதேன். வேண்டாம்னுதான் போட்டேன்."

"என் மேல கோவமா இசக்கி?"

"கோவம் எதுக்கு? நீங்க வந்து ஒக்காந்தியன்னா நாங்க மறுபடி தலைய ஆட்ட ஆரம்பிச்சிருவோம் அண்ணாச்சி. அது ஒங்க தப்புகூட இல்ல, எங்க பழக்கம். இப்பந்தான் ஒருத்தர ஒருத்தர் எதுத்துப் பேசப் படிச்சிருக்கோம். இன்னும் நல்லாப் படியல." முகத்தை என் பக்கம் திருப்பினார். "ஆறு மாசம் கழிச்சு மறுபடி கேளுங்க. அதுவும் ஓட்டுக்குத்தான் விடுவோம்."

பதின்மூன்று வருடத்தில், ஜெபசெல்விக்கு அடுத்து, என் முகத்துக்கு நேராக ஒருவர் சொன்ன இரண்டாவது மறுப்பு அது. நெஞ்சு வலித்தது. அந்த வலிக்கு நடுவிலும், ஒரு மனிதர் எனக்கு முன்னால் நின்று தான் நினைத்ததைச் சொல்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. பெட்டிகளோடு இருந்த இரண்டு வருடத்தில் அப்படி ஒரு நிமிஷம்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

"ஆறு மாசமா?" என்றேன்.

"ஆமா. ஐப்பசில வரும்."

அவர் திரும்பி நடந்தார். படி இல்லாத கடைவாசலில் தயங்காமல் நுழைந்து, பின்னறைக் கதவருகே நின்று குரல் கொடுத்தார். "அண்ணாச்சி, கதவச் சாத்தவா? இல்ல, தொறந்து கெடக்கட்டுமா?"

"தொறந்தே கெடக்கட்டும்," என்றேன்.

அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். முதலில் குரலா, மலைப்பாதையா என்று சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. கூட்டம் ஆறு மணிக்கு முடிந்தது. அதுவரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்; யாரும் என் கருத்தைக் கேட்கவில்லை.